அமாவாசைக்குத் தறி ஓடாது

நாற்பத்து மூன்றாவது வயதில்தான் என் காலின் நீளத்தை முதன்முதலாக அளந்தேன். வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலேற்றி, அது முட்டி நிற்கும் இடத்திலிருந்து தரைவரை அளக்க வேண்டும். கைக்குக் கிடைத்தது கழகத் தமிழ் அகராதி. டேப்பைப் பிடித்தவர் அம்மா. "அறுபத்தொம்போது" என்றார். பிறகு, "இத்தன படிச்சுட்டு, புத்தகத்த வைக்கிற எடமாடி இது?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

69 சென்டிமீட்டர். அதை 0.883ஆல் பெருக்கினால் 61. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பரவலாக்கிய கணக்கு இது. பெடல்கள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம்வரை உயரம் ஏறத்தாழ இவ்வளவு இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக நான் ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிளில் அது 65. நான்கு சென்டிமீட்டர்தான். அந்த நான்கு சென்டிமீட்டருக்காக என் முழங்காலின் பின்புறம் இரண்டு ஆண்டுகள் வலித்தது. நானோ வயதைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சைக்கிள் எனக்குப் புதிதல்ல. பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டில் பிறந்தவள் நான். வாடகை சைக்கிளை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, சீட்டில் ஏறினால் கால் எட்டாது என்பதால், குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தே கற்றுக்கொண்டேன். பதின்மூன்று வயதில் வயதுக்கு வந்ததும் அது நின்றது. யாரும் தடுத்ததாக நினைவில்லை. அடுத்த வாரம் காசு கேட்டபோது யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பி. சாய்நாத் எழுதினார். ஆய்வு மாணவியாக இருந்தபோது அதைப் படித்தேன். அதில் ஒரு செய்தி மட்டும் மனதில் அப்படியே நின்றுவிட்டது. பெண்களுக்கான சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. பெண்கள் ஆண்களுக்கான சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா? படித்தபோது அவர்களுடைய சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமைப்பட்டேன். இப்போது இன்னொன்றும் தோன்றுகிறது. கிடைத்த பொருள் நமக்கு அளவில்லை என்றால் பொருளை மாற்றச் சொல்லி நாம் கேட்பதில்லை. அதில் நமக்கு என்ன வசதி என்று தேடிக்கொள்கிறோம்.

நானும் அப்படித்தான் தேடிக்கொண்டேன். கொரோனா முடக்கம் தளர்ந்த நேரத்தில், நாற்பத்தொரு வயதில், சேமிப்பை எடுத்து ஒரு ரோட் பைக் வாங்கினேன். வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், என்னால் ஒரு கையில் தூக்க முடிகிற எடை. நான் ஐந்தடி உயரம். கடையில் இருந்ததிலேயே சிறிய ஃப்ரேம் எனக்கு ஓர் அளவு பெரியது. "ஓட்ட ஓட்டப் பழகிடும் மேடம்" என்றார் கடைக்காரர். பழகிக்கொண்டேன். பழகிக்கொள்வதில் பெண்களுக்குச் சிறுவயதிலிருந்தே பயிற்சி உண்டு.

காலை நாலரைக்குக் கிளம்புவேன். ஓரிக்கையில் பாலாற்றைக் கடந்து உத்திரமேரூர்வரை போய்வந்தால் ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர். மறுநாள் செவிலிமேடு வழியாக வந்தவாசிச் சாலை. உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் வாசலில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவேன். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் குடவோலைத் தேர்தல் விதிகளைப் பொறித்த சுவர் அது. போட்டியிட வயது 35 முதல் 70 வரை, சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். வயது ஒன்றில்தான் எனக்குத் தகுதி. விதியை எழுதும்போது எதிரில் எந்த உடலை நிறுத்தி வைத்து அளவெடுத்தார்கள் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

என் சைக்கிளும் அப்படி ஒரு விதிதான். ஹேண்டில்பார் எட்டுவதற்காக முதுகை நீட்டியதில் கழுத்து இறுகியது. உள்ளங்கையில் எடை முழுதும் விழுந்து, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய்க் கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் நழுவியது. சீட் உயரமாக இருந்ததால் பெடலைத் தேடி இடுப்பு இடமும் வலமும் ஆடியது. ஆடிய ஆட்டத்தில் பிறப்புறுப்பில் புண் வந்தது. இந்தச் சொல்லை எழுதும்போது எனக்குத் தயக்கம் இல்லை என்று சொன்னால் பொய். முழங்கால் வலியை ஆசிரியர் அறையில் சொல்ல முடிந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. புண்ணுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த நாளும் ஏறினேன்.

உலகத் தரத்தில் ஓட்டுகிறவர்களும் இதைச் சொல்லாமல்தான் இருந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. பிரிட்டனைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி வீராங்கனை ஹன்னா டைன்ஸ், சீட் அழுத்தத்தால் தன் பிறப்புறுப்பில் ஏற்பட்ட வீக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டதை 2019இல் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். பந்தயங்களில் சீட் ஏறத்தாழ மட்டமாகவே இருக்க வேண்டும் என்றிருந்த சர்வதேச விதி 2016இல்தான் தளர்ந்தது. முன்புறம் 9 டிகிரிவரை தாழ்த்தலாம் என்றார்கள். குனிந்து ஓட்டும் பெண்ணுக்கு அந்தச் சாய்வு எவ்வளவு முக்கியம் என்று ஓட்டிப் பார்த்த எந்தப் பெண்ணும் சொல்லியிருப்பாள். கேட்டிருந்தால்.

என் சைக்கிளில் என்ன கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தவர் அம்மா. ஒருநாள் வாசலில் நின்று நான் கிளம்புவதைப் பார்த்தார். திரும்பி வந்ததும் கேட்டார்: "கால் எட்டலயாடி ஒனக்கு? ஏன் அப்பிடி ஆட்டிக்கினு போற?"

எட்டுகிறது என்றேன்.

"எட்டல. எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. குழி ஆழம்."

அப்பாவின் குழித்தறியைச் சொன்னார். தறிக்குழி நெய்பவரின் கால் அளவுக்குத் தோண்டப்படுவது. பலகையில் உட்கார்ந்தால் குழிக்குள் பாதம் மிதிகட்டையில் சரியாகப் படிய வேண்டும். கோர்வைச் சேலை நெய்யும்போது அப்பா நடுவில் உட்காருவார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவார். அப்பாவுக்குக் கண் மங்கியபிறகு ஆறு ஆண்டுகள் அம்மா அந்தக் குழியில் இறங்கி நெய்தார். அப்பா ஐந்தே முக்காலடி. அம்மா என்னைவிடவும் குள்ளம். மிதிகட்டையை எட்ட, பலகையின் விளிம்புக்கு நகர்ந்து, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து மிதித்திருக்கிறார். இன்றும் அவர் நடை இடப்பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அது அவருடைய நடை என்றே நான் நினைத்திருந்தேன்.

"அடியில செங்கல் வெச்சுக் குழிய மேல கொண்டாந்திருக்கலாமேம்மா?"

"வெக்கலாம்தான். யாருக்குத் தோணுச்சு? எனக்கே தோணல."

அன்று மாலைதான் அகராதியை எடுத்தேன்.

செய்த மாற்றங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். சீட்டை ஒரே நாளில் இறக்காமல் மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருந்தால் சரி. சீட் அதிக உயரம் என்றால் முழங்காலின் பின்புறம் வலிக்கும், அதிகத் தாழ்வு என்றால் முன்புறம். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை 100 மில்லிமீட்டரிலிருந்து 70க்கு மாற்றினேன். ஹேண்டில்பார் 42 சென்டிமீட்டர் அகலம். என் தோளுக்கு 38 போதும். பிரேக் லிவரை விரலுக்கு அருகில் கொண்டுவர ஒரு சிறிய திருகு இருக்கிறது. அது இருப்பதையே யாரும் எனக்குச் சொல்லவில்லை. நடுவில் பள்ளம் விட்ட, பின்புறம் அகலமான சீட் வாங்கினேன். சீட்டின் அகலத்தைத் தீர்மானிப்பது உட்காரும் எலும்புகளுக்கு இடையிலான தூரம். அட்டையின்மேல் உட்கார்ந்து எழுந்தால் அந்த இரண்டு எலும்பும் குழியாகப் பதியும், அளந்துகொள்ளலாம். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை போடக்கூடாது. அதற்குமேல் நான் சுடிதார் போட்டுக்கொள்கிறேன். அது கோயில் ஊருக்கும் எனக்கும் உள்ள உடன்படிக்கை.

இரண்டு மாதத்தில் விரல் மரப்பு போனது. புண் ஆறியது. முழங்கால் அமைதியானது. இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். பேராசையும் வந்தது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டத்துக்குத் தயாராக முடிவெடுத்தேன். கிடைத்த பயிற்சி அட்டவணையில் வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டம், இரண்டு நாள் ஓய்வு. ஓட்டத்தை அப்படியே கடைப்பிடித்தேன். விடியும்முன் நேரத்தைத் திருடிக்கொள்ள எனக்குத் தெரியும், முனைவர் பட்ட ஆய்வேட்டையே அப்படித்தான் எழுதினேன்.

ஓய்வு நாட்களில் என்ன செய்தேன்? செவ்வாய்க்கிழமை ஓட்டம் இல்லையென்றால் நாலரை மணிக்கு எழுந்து ஊறவைத்த துணியைத் துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாவரைத்தேன், அலமாரியை ஒழுங்குபடுத்தினேன், விடைத்தாள் திருத்தினேன். ஓய்வு நாள் என்பதை ஓட்டாத நாள் என்று புரிந்துகொண்டிருந்தேன். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். "இன்னிக்கு நீ ஃப்ரீதானே?" என்று கணவர் கேட்பார். மின்கட்டணம், மகனின் பள்ளிக் கூட்டம், உறவுக்காரர் வீட்டு வளைகாப்பு எல்லாம் அந்த நாட்களில் வந்து உட்கார்ந்துகொண்டன.

மூன்றாவது மாதம் உத்திரமேரூர்ச் சாலையில் ஒரு வேகத்தடையைப் பார்க்காமல் விழுந்தேன். இருட்டில்லை, விடிந்துவிட்டிருந்தது. கண் திறந்திருந்தது, பார்க்கவில்லை. முழங்கை கிழிந்தது. சிராய்ப்பு மூன்று வாரம் ஆறவில்லை. முதலில் பார்த்த மருத்துவர், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறேன், கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது, காலையில் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். ஐந்து மணி நேரம். மூன்று மாதத்துக்கு முன்னால். எல்லாரும் சாப்பிட்டபிறகு மிச்சம் இருப்பது. ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. இதில் நான் தனியாள் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை.

அவர் விளக்கியது இதுதான். பயிற்சி செய்யும்போது உடல் வலுப்பெறுவதில்லை, களைக்கிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. சேமித்த சர்க்கரை தீர்கிறது. பிறகு உண்டு உறங்கும்போது உடல் அதைச் சரிசெய்து, முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் கட்டிவைக்கிறது. வலு வருவது அங்கேதான். செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடாத உடலில் மாதவிடாய் தடுமாறும், எலும்பு மெலியும், காயம் ஆறாது. இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் பெயர் வைத்து அறிக்கை வெளியிட்டது. நாற்பதுகளில், மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தில், தூக்கமும் உடைகிறது, உடல் தேற எடுக்கும் நேரமும் நீள்கிறது. எனக்கு எது மாதவிடாய் நிறுத்தத்தின் தொடக்கம், எது பட்டினி என்று பிரித்துச் சொல்வது கடினம் என்றார்.

ரெக்கவரி என்பதை 'மீட்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது தீயணைப்புத் துறைச் சொல்லாகவே கேட்கிறது. நம்மிடம் இளைப்பாறுதல் இருக்கிறது. இளைப்பு ஆறுவது. புண் ஆறும், சோறு ஆறும், கோபம் ஆறும். ஆறுவதற்குச் சும்மா விட்டுவைக்க வேண்டும், கிளறக்கூடாது. இத்தனை நல்ல சொல் வைத்திருக்கும் அதே மொழியில்தான் 'ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உழைப்பவள்' என்பது பெண்ணுக்குப் பாராட்டு. கல்லூரி மகளிர் தின விழாவில் அந்தப் பாராட்டை மேடையில் நானே வாசித்திருக்கிறேன்.

மருத்துவர் சொன்னபடி ஓய்வெடுக்கத் தொடங்கினேன். செவ்வாயும் ஞாயிறும் ஆறரைவரை தூக்கம். சுடச்சுடக் காலை உணவு, மிளகும் சுக்கும் போட்ட காஞ்சிபுரம் இட்லி, முட்டை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஆறு வாரத்தில் மாற்றம் தெரிந்தது. பாலாற்றுப் பாலத்து எதிர்காற்றில் முன்பு திணறிய இடத்தில் பேசிக்கொண்டே போக முடிந்தது. மகிழ்ச்சியாக இருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. சமையலறையில் சத்தம். அம்மா. எழுபத்திரண்டு வயதில், இடப்பக்கம் சாய்ந்தபடி, இட்லித் தட்டைக் குண்டானில் இறக்கிக்கொண்டிருந்தார். நான் துவைக்காத துணி துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. யாருடைய காலை உணவைச் சுடச்சுடச் சாப்பிட்டேன் என்று ஆறு வாரமாக நான் யோசிக்கவே இல்லை. அம்மா என் வீட்டுக்கு வந்தது தறியை விற்றபிறகு, உட்கார்ந்து சாப்பிட என்று நான்தான் அழைத்து வந்தேன்.

அப்போது எனக்கு அமாவாசை நினைவு வந்தது. எங்கள் வீட்டில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அப்பா மழித்துக் குளித்து, தெருமுனைக்குப் போய் உட்காருவார். அம்மா வீடு முழுவதும் கழுவி, படையலுக்குச் சமைத்து, மற்ற நாட்களில் தள்ளிவைத்த துணியெல்லாம் துவைத்து, சாயங்காலம் மறுநாளைக்குத் தார் சுற்றுவார். மாதத்திலேயே அவர் அதிகம் களைத்த நாள் அதுதான். ஓய்வு தறிக்குத்தான். நான் என் சைக்கிளுக்கு ஓய்வு கொடுத்தேன். பிறகு எனக்குக் கொடுத்துக்கொண்டேன். அதற்கான வேலை கரைந்துபோகவில்லை, இன்னொரு பெண்ணின் முதுகுக்கு மாறியது.

2024ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஊதியமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். 2019இல் இது 299, 97. ஐந்தாண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது! விடியும்முன் திருடிக்கொள்ளும் பயிற்சி நேரத்தை ஒருத்தி தன் தூக்கத்திலிருந்து எடுத்துவிடலாம். ஓய்வை அப்படித் தனியாக எடுக்க முடியாது. ஒருத்தி படுத்திருக்க வேண்டுமென்றால் அந்த நேரத்தில் வேறொருவர் எழுந்து நிற்க வேண்டும். அந்த வேறொருவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அன்று இரவு கணவரிடமும் பதினாறு வயது மகனிடமும் பேசினேன். கவிதை எழுதுகிறவள், பேச்சு நன்றாக வரும் என்று நினைத்தேன். அழுகைதான் வந்தது. கணவர், "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்றார். "எனக்கு யாரும் சொல்லல. நானா பாத்துதான் செஞ்சேன்" என்றேன். சண்டை இரண்டு நாள் நீடித்தது. பிறகு ஒரு தாளில் வீட்டின் வேலைகளை எழுதினோம். நாற்பத்தேழு வந்தன. அவர் பதினொன்று என்று ஊகித்திருந்தார்.

இப்போது செவ்வாயும் ஞாயிறும் காலை அவர்கள் பொறுப்பு. முதல் மாதம் இட்லி கல்லாக இருந்தது. அம்மா எழுந்து போய்ச் சரிசெய்யப் பார்த்தார், கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மகனுக்கு மாவரைக்கத் தெரிகிறது. கணவர் சில வாரங்களில் மறக்கிறார், நானும் சில வாரங்களில் நினைவுபடுத்தச் சலித்து எழுந்துவிடுகிறேன். சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். மறு ஆண்டு 200 கிலோமீட்டரைப் பன்னிரண்டு மணி ஐம்பது நிமிடத்தில் முடித்தேன். அதைவிட அந்த நாற்பத்தேழு வரித் தாளை முடிப்பது கடினம்.

தமிழ்நாட்டில் 2001-02இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு எல்லாருக்குமாக விரிந்தது. என் மாணவிகளில் பலர் அந்தச் சைக்கிளில் பள்ளிக்குப் போனவர்கள். "இப்ப ஓட்டுறதில்ல மேடம், தம்பி எடுத்துக்கிட்டான்" என்பார்கள். சிலர் என் சைக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதற்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்பார்கள். முன்பெல்லாம் நாலரை மணிக்கு எழுந்துவிடு என்று சொல்வேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. முதலில் உன் கால் நீளத்தை அளந்துகொள், சீட்டை உனக்கேற்ப இறக்கு, பிறகு நீ தூங்கும் நேரத்தில் வீட்டில் யார் விழித்திருக்கிறார்கள் என்று பார் என்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது தறி இல்லை. ஆனாலும் அமாவாசையன்று அம்மா சமையலறைக்குள் போகக்கூடாது என்று ஒரு புது விதி போட்டிருக்கிறோம். அன்று நானும் ஓட்டுவதில்லை. இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். அம்மாவுக்கு அது இன்னும் கைவரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்ப்பார். மடியில் கிடக்கும் வலது கை, நாடா தள்ளுவதுபோல் லேசாக அசையும்.

"சும்மா இருக்க வரலடி எனக்கு" என்றார் போன அமாவாசையன்று.

"எனக்கும் வரலம்மா."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. இருவரும் எழப்போய், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தோம்.